டப்பாவைத் தேடி... உய்யக்கொண்டான் கரையில் ஒரு காலை நடை!

கூகுள் மேப்ஸில் ஓர் இடத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வருமே, கவனித்திருக்கிறீர்களா? திருச்சி நகர் என்றால் 10.8, 78.7 என்ற பக்கத்தில் இருக்கும். அந்த எண்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, யாரோ ஒளித்துவைத்த டப்பாவைத் தேடிப் பிடிப்பதுதான் ஜியோகேச்சிங்.

அதுவரை பொதுமக்களுக்குக் கிடைத்த ஜி.பி.எஸ் சிக்னலை வேண்டுமென்றே குழப்பிவைத்திருந்த அமெரிக்க அரசு, 2000-ம் ஆண்டு மே 2-ல் அதை நிறுத்தியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியைப் பாதி புதைத்துவைத்து, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் போட்டுவிட்டார். ஒரு பொருளை எடு, ஒன்றை வை, நோட்டில் பெயர் எழுது. அவ்வளவுதான் விதி.

அளந்து இடம் பிடிக்கும் வேலை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே அளவையைத் தொடங்கிய லாம்டன், 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் தன் தியோடலைட் கருவியை ஏற்றினார். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. அதன் எடை அரை டன். நமக்கோ சட்டைப் பையில் போன்!

அத்தை மகன் ஒரு டிபன் டப்பாவை ஒளித்துவைத்து எண்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். உய்யக்கொண்டான் வாய்க்கால் கரை, புத்தூர் பக்கம். ஆறுகண், குழுமாயி அம்மன் கோயில் எல்லாம் இருக்கும் பகுதி. தசமப் புள்ளிக்குப் பின் நான்காவது இலக்கம் ஒன்று மாறினால் சுமார் 11 மீட்டர் தள்ளிப் போய்விடுவோம். திறந்தவெளியிலேயே போன் ஐந்து மீட்டர் வரை முன்பின் காட்டும், மரத்தடியில் இன்னும் மோசம். கடைசிப் பத்தடியில் கண்தான் வேலை செய்ய வேண்டும். "சாவி தொலைஞ்சிடுச்சா தம்பி?" என்று வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர் கேட்டுவிட்டுப் போனார்.

அப்படி உற்றுப் பார்க்கும்போதுதான் வாய்க்காலே தெரிகிறது. தினமும் பைக்கில் பாலத்தைத் தாண்டுகிறோம், மூக்கைப் பொத்திக்கொண்டு. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து சுமார் 70 கிலோமீட்டர் ஓடி, வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது இது. 30,000 ஏக்கருக்கு மேல் பாசனம். உய்யக்கொண்டான் என்பது முதலாம் ராஜராஜனின் பட்டப்பெயர். ஆயிரம் வருஷமாக வயலுக்கு ஓடும் தண்ணீரில் நகரத்துக்குள் சாக்கடை கலக்கிறது. டப்பாவைத் தேடிய இடத்தில் நான் பார்த்தது பால் பாக்கெட், தெர்மாகோல், பழைய சாமி படம், மதுபாட்டில். அவற்றுக்கு நடுவே ஒரு மீன்கொத்தி வேறு, கம்பியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஜியோகேச்சர்களிடம் இதற்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. தேடப் போகும்போது பையோடு போய், குப்பையை அள்ளி வருவது. 2002 முதல் உலகம் முழுக்க இதற்கென்றே கூடுகிறார்கள். எனக்கு டப்பாவைவிட இந்தப் பகுதிதான் பிடித்தது.

நம் ஊரில் ஆடுவதற்குச் சில விஷயங்கள் கவனம். நீதிமன்றம் பக்கம் நடைபாதை நன்றாக இருக்கிறதே என்று அங்கே வைத்துவிடாதீர்கள். கோர்ட், கோயில், ரயில் பாலம் அருகே மர்ம டப்பா என்றால் வெடிகுண்டு நிபுணர்கள்தான் வருவார்கள்! உள்ளே இருப்பது தெரிகிற டப்பாவாக, விளையாட்டுக்கு வைத்தது என்று மேலே எழுதி, இடத்துக்குப் பொறுப்பானவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். டப்பாவே வேண்டாம் என்றால் எர்த்கேச் என்றொரு வகை உண்டு. ஓர் இடத்துக்குப் போய், அங்குள்ள பாறையையோ நிலத்தையோ பார்த்துக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். 83 மீட்டர் உயர மலைக்கோட்டைப் பாறை இருக்கும் ஊருக்கு இது ரொம்பவே பொருந்தும். மேலேயிருந்து ஸ்ரீரங்கம் ராஜகோபுரமும் தெரியும்.

மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்கள். அது வந்து சேர்ந்த பிறகு வாய்க்காலில் இழுப்பு இருக்கும். குழந்தைகளோடு போனால் நடைபாதையை விட்டு இறங்க வேண்டாம்.

எங்கள் டப்பா ஒரு வேப்ப மரத்தின் வேருக்குள் இருந்தது. உள்ளே இரண்டு கடலை மிட்டாய், ஒரு பென்சில், எறும்புகள்.