மலட்டுக் கொடி

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் கிணற்றடியிலே ஒரு பூசணிக் கொடி நின்றது. வேலியெங்கும் படர்ந்து மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. ஆயினும் ஒரு காயேனும் நிலைக்கவில்லை. நெல்லிக்காயளவு பிஞ்சுகள் தோன்றும். இரண்டொரு நாளில் வெம்பி உதிர்ந்துவிடும்.

“உந்த மலட்டுக் கொடியைப் பிடுங்கி எறி, தம்பி. ஊத்திற தண்ணியும் வீண்,” என்றார் அம்மா.

நீர் அள்ளிக்கொண்டு நின்ற அக்கா வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள். மகவு இல்லை. அம்மா கொடியைத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் போய்த் தைத்த இடம் வேறு.

மறுநாள் விடியற்காலையில் அம்மாவையும் அக்காவையும் கொடியருகே அழைத்துச் சென்றேன். பூசணியிலே ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூ மெல்லிய நீண்ட காம்பில் நிற்கும்; அதன் நடுவே மகரந்தம் இருக்கும். பெண் பூவோ அடியிலே சிறு பிஞ்சைத் தாங்கியே பிறக்கும். அப்பிஞ்சுதான் சூலகம். மகரந்தம் வந்து சேர்ந்தாலன்றி அது காயாவதில்லை. பூசணியின் மகரந்தம் கனமும் பசையும் உடையது. காற்று அதனைக் கொண்டு செல்லாது. தேனீயே தூது செல்லவேண்டும். பூ விரிந்திருப்பதோ ஒரு காலைப் பொழுது மட்டுமே. அயல் தோட்டங்களில் மருந்து தெளித்த அக்காலத்தில் எங்கள் வேலிப் பக்கம் தேனீக்களைக் காண்பது அரிதாயிருந்தது.

ஆண் பூவொன்றைக் கொய்து, இதழ்களை நீக்கி, பெண் பூவின் குறியிலே மெல்லத் தடவினேன். அங்கே ஒட்டிய மகரந்த மணிகள் முளைத்து, நுண்ணிய குழாய்களாகச் சூலகத்துள் இறங்கும். ஒரு சூல்வித்துக்கு ஒரு மணி வேண்டும். ஆதலால் பூசணிக்காயின் ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு மகரந்த மணியின் வரவுக்குச் சாட்சி.

அப்பிஞ்சு உதிரவில்லை. நாளொரு வண்ணமாகப் பருத்தது.

விலங்குகளிடத்தும் அடிப்படை இதுவே. மீன்களிற் பல முட்டையையும் விந்தையும் நீரிலே விடுகின்றன. கோழியிலும் பசுவிலும் மனிதரிலும் அச்சேர்க்கை தாயின் உடலுள்ளே நிகழ்கிறது. பாலூட்டிகளின் முட்டையை 1827ஆம் ஆண்டில் வொன் பேயர் என்னும் அறிஞர் கண்டறிந்தார். 1876ஆம் ஆண்டில், கடல்முள்ளியின் முட்டையுள் விந்தின் கரு சென்று ஒன்றுவதை ஒஸ்கார் ஹேர்ட்விக் நுணுக்குக்காட்டியிலே கண்டார். மனித முட்டை 23 நிறமூர்த்தங்களைத் தருகிறது. விந்தும் 23ஐத் தருகிறது. இரண்டும் கூடிய 46இலேயே ஓர் உயிர் தொடங்குகிறது. கருவைச் சுமப்பவள் தாயே. ஆனால் கருக்கட்டலில் இருவர் பங்கும் சரிபாதி. குறையும் இருவரில் எவரிடத்தும் இருக்கலாம். மகவில்லாத தம்பதியருள் ஏறக்குறையப் பாதிப்பேரில் ஆணிடத்தும் ஒரு காரணம் உண்டென்பது இன்றைய மருத்துவம் அறிந்த உண்மை.

இவையெல்லாம் எனக்குத் தெரியாதவையா? உயிரியலிலே பட்டம் பெற்றவன். கல்லூரியிலே அதனையே கற்பிப்பவன். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அக்கா நோற்காத விரதமில்லை, குடியாத கஷாயமில்லை. எத்தனையோ பரிசோதனைகளுக்குத் தனியே போய் வந்தார். அத்தானையும் பரிசோதிக்கவேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வெட்கம் வாயைக் கட்டியது. அதே வெட்கத்தினாலேதான் வகுப்பிலும் இனப்பெருக்க அதிகாரம் வந்தவுடன், “இதை வீட்டிலே வாசித்துக்கொள்ளுங்கள்,” என்று ஏட்டைப் புரட்டிவிடுவேன்.

பூசணி காய்த்த அந்த வாரமே அத்தானுடன் பேசினேன். நல்ல மனிதர், சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு வர இசைந்தார். குறை அவரிடத்திலேயே இருந்தது. அது குற்றமன்று, உடலின் இயல்பு. முன்னரே அறிந்திருந்தால் சிகிச்சைக்குக் காலம் இருந்திருக்கும் என்றார் வைத்தியர். அக்காவின் வயதோ அதற்குள் ஏறிவிட்டது.

அன்று மாலை அக்கா என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: “உனக்கு இது முந்தியே தெரியுமோ, தம்பி?”

அக்கேள்விக்கு இன்றுவரை என்னிடம் மறுமொழி இல்லை.

மலடி என்ற சொல் ஊரார் வாயில் எளிதாக வருகிறது. ஆணைச் சுட்டி அவ்வாறு ஒரு சொல்லைக் கேட்பது அரிது. அறியாமை எப்பொழுதும் ஒரு பக்கமாகவே சாய்கிறது. அதன் பாரத்தைச் சுமப்பவள் பெண்.

இப்பொழுது அந்த அதிகாரத்தை நான் தாண்டிச் செல்வதில்லை. முதல் நாளன்று இரண்டு பூசணிப் பூக்களை வகுப்புக்குக் கொண்டு போகிறேன். பின் வாங்கிலே சிறிது சிரிப்பு எழும், பிறகு அடங்கும். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் வீட்டிலே இதைப் பற்றி வினவினால் அதட்டாதீர்கள். கொல்லைப்புறத்தில் ஒரு கொடி இருந்தால் விடியற்காலையில் அதனருகே அழைத்துச் செல்லுங்கள். சொல்லவேண்டியதில் பாதியைக் கொடியே சொல்லிவிடும். மீதியை நாம் சொல்லவேண்டும்.