தலையெழுத்தும் கையெழுத்தும்

சாவு வீட்டிலே சட்டம் பேசலாமா என்று கேட்கும் நண்பர்கட்கு, நாம் கண்டதைச் சொல்லுகிறோம்.

ஒரகடத்தை அடுத்த சிற்றூர். நம்மிடம் பயின்ற இளைஞன், இரவு வேலைக்குச் சென்றவன், விடியலிலே பிணமானான். "மாரடைப்பு" என்றனர் ஆலையினர். "விதி முடிந்தது" என்றனர் ஊர்ப் பெரியோர். "இராகு காலத்துக்குள் எடுத்துவிட வேண்டும்" என்றார் புரோகிதர். கணவனை முன்பே இழந்த தாயோ பேச்சற்றுக் கிடந்தாள்.

பிணக்கிடங்கிலே, விசாரணை அறிக்கைக்கு ஊரார் ஒப்பம் கேட்டார் காவலர். "வாத்தியாரய்யா, நீங்களும் போடுங்கள்!" பேனாவைத் திறந்தும்விட்டோம். படிக்காமல் கையெழுத்திடாதே என்று பிள்ளைகட்குப் போதிக்கும் நாம்! வெட்கம் தடுத்தது, படித்தோம். 'காயம் எதுவுமில்லை' என்றிருந்தது. வலக்கையைத் திருப்பினோம். உள்ளங்கையிலே கருகிய சிறு வடு!

"இதையும் எழுதுங்கள், ஐயா!"

முகம் சுளித்தார், எழுதினார். பிணக்கூறாய்வு சொல்லிற்று: மின்சாரம் பாய்ந்த சாவு.

தோழர்களே, இது நாம் கேட்ட சலுகையன்று, சட்டம். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு, 2024 சூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு. தற்கொலையா, கொலையா, விபத்தா, இயந்திரத்தால் நேர்ந்ததா, ஐயத்துக்குரியதா? காவல் அதிகாரி நிர்வாக நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் இருவரேனும் காண, உடலிலுள்ள காயங்களை எழுத வேண்டும். அறிக்கை 24 மணி நேரத்தில் மேலே செல்ல வேண்டும். காரணத்தில் ஐயமெனில் மருத்துவர் ஆராய வேண்டும். புதைத்த உடலையேனும் நடுவர் ஆணையால் தோண்டியெடுக்கலாம். எரித்த சாம்பலிடம் எதைக் கேட்பது? அவசரப்படுத்தும் இராகு காலம் யாருக்கு நன்மை? எண்ணிப் பாருங்கள்!

உண்மையை மூடினால் வதந்தி முளைக்கும். 2021 டிசம்பரில், திருப்பெரும்புதூர்ப் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியிலே உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனை சென்றனர். எவரும் மாளவில்லை. எனினும் மாண்டனர் என்ற சேதி பரவிற்று. பெண்கள் திரண்டு சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். அறிவிலிகளா அவர்கள்? அல்லர்! உடன் உழைப்பவள் எங்கே என்று கேட்டும், உரிய நேரத்தில் விடை பெறாதவர்கள்.

வேலையால் நேர்ந்த சாவு என்று உறுதியானதால், அந்தத் தாய்க்கு இன்று ஈ.எஸ்.ஐ. உதவித்தொகை மாதந்தோறும் வருகிறது. மகன் வரவில்லை, வரமாட்டான். "தலையெழுத்து என்றல்லவா இருந்தேன், ஐயா" என்றாள்.

தலையெழுத்தை எவரும் படித்ததில்லை. கையெழுத்திடுமுன் தாளைப் படியுங்கள். அது போதும்.