அக்கா, வயிறு வலிக்குது

“அக்கா, வயிறு வலிக்குது. வீட்டுக்குப் போலாம்.”

பேரங்காடியானாலும் கல்யாண மண்டபமானாலும் என் தம்பி சொல்லும் வாக்கியம் இதுதான். அவனுக்கு வயது பதினொன்று. ஆட்டிசம் உள்ள பிள்ளை. ஓமத்தண்ணீர், கிளினிக் மருந்து, கோயில் விபூதி என்று அம்மா கொடுத்துப் பார்க்காதது இல்லை. வீட்டு வாசலை மிதித்ததும் வலி போய்விடும். “நடிக்கிறான்” என்றார்கள் உறவினர்கள். ஒரு கல்யாணத்தில், அத்தனை பேர் முன்னிலையில், நானும் அவனை அடித்துவிட்டேன். அவன் அழவில்லை. இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டான்.

பொதுக் கழிப்பறைகளில் கை உலர்த்தும் இயந்திரம் இருக்கிறதல்லவா? அது எந்த நொடியில் அலறுமோ என்பதுதான் அவன் பயம். வெளியே போனால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். அதைப் பயம் என்று சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. வயிற்றில் உணர்ந்ததைச் சொன்னான். நாமும் ‘வயிற்றைக் கலக்குகிறது’ என்றுதானே சொல்கிறோம்! அவன் பொய் சொல்லவே இல்லை.

சென்ற ஆண்டு சிலாங்கூரில் ஒரு மையத்தில் அவனைக் குழுச் சிகிச்சையில் சேர்த்த பிறகுதான் இது எங்களுக்குப் புரிந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேருக்குத் தனிக்கோளாறு என்று கணிக்கும் அளவுக்குப் பதற்றம் இருப்பதாக, 31 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளிவந்த கட்டுரை கூறுகிறது. அதே ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூடி ரீவனும் உடன் பணியாற்றியவர்களும் ‘ஃபேசிங் யுவர் ஃபியர்ஸ்’ என்ற பயிற்சி நூலை வெளியிட்டார்கள். 8 முதல் 14 வயதுவரையுள்ள சில பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், ஒன்றரை மணி நேரமாக 14 அமர்வுகள். எங்கள் மையமும் அந்த வழியில்தான் நடத்தியது.

நான் போனது மொழிபெயர்க்க. அம்மாவுக்குச் சந்தை மலாய் நன்றாக வரும்; மனத்தைப் பற்றிப் பேச அது போதவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் தேசிய இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பு முதலும் படித்த எனக்கே முதல் நாள் நாக்கு தடுமாறியது. பயம், கவலை, பதற்றம் மூன்றும் ஒன்றா, வேறா? அன்றிரவு தாளில் ஓர் உடலை வரைந்து, ‘நெஞ்சு படபடக்குது’, ‘கை நடுங்குது’, ‘வயிறு பிசையுது’ என்று தமிழில் எழுதினேன். தம்பி வயிற்றைத் தொட்டுக் காட்டினான்.

அடுத்து, பயத்தைப் படிகளாகப் பிரித்தார்கள். முதல் படி, இயந்திரத்தின் படத்தைப் பார்ப்பது. பிறகு அதன் ஓசையைக் கைப்பேசியில் மெதுவாகக் கேட்பது; கழிப்பறைக்கு வெளியே நிற்பது; உள்ளே போவது; கடைசியில், தானே அதை இயக்குவது. பயம் தணியும்வரை ஒவ்வொரு படியிலும் நிற்க வேண்டும். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. ஓசை அவன் காதுக்கு மெய்யாகவே வலிக்கும் என்பதால் காதுமூடிக்குத் தடையில்லை. நாய்க்குப் பயந்த ஒரு பையன் தன் இரண்டாம் படியை ஏறியபோது தம்பி கைதட்டினான். பயம் தனக்கு மட்டும் இல்லை என்று அன்றுதான் அவன் கண்டான்.

எங்களுக்கும் பாடம் இருந்தது. எங்கே போனாலும் நான் முன்னே ஓடிப் பார்த்து, “இங்க மெஷின் இல்லடா” என்று சொல்வது வழக்கம். பாசம் என்று நினைத்தேன். ‘மெஷின் இருந்தால் உன்னால் முடியாது’ என்றல்லவா அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்! அடித்தது ஒரு தவறு என்றால் இது இன்னொன்று. அடித்ததற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரி” என்றான், அவ்வளவுதான்.

நண்பர்களே, ஆட்டிசம் இந்தச் சிகிச்சையால் மாறுவதில்லை. மாற வேண்டியதும் அதுவல்ல. பயத்தின் பிடி தளர்ந்தால் போதும். ஆனால் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் நம்மிடையே இன்னும் எத்தனை பேர்? உளவியலும் சிறப்புக் கல்வியும் பயிலும் நம்மவர்கள் இப்பயிற்சித் தாள்களைத் தமிழில் ஆக்கித் தரலாமே!

பதின்மூன்றாம் வாரம் பேரங்காடிக்குப் போனோம். கழிப்பறை வாசலில் தம்பி நின்றான். வயிற்றில் கை வைத்தான். வழக்கமான வாக்கியத்துக்குக் காத்திருந்தேன்.

“அக்கா, பயமா இருக்கு” என்றான். காதுமூடியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனான்.