உதடு வெடித்தால்...

உடலுக்கு வரும் தொல்லைகளுள் சில நம்மை அச்சுறுத்துகின்றன. சிலவற்றை நாம் ஒரு பொருட்டாகவே கொள்வதில்லை. உதட்டு வெடிப்பு இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பெரும்பாலும் சரியே. ஆயினும் முழுவதும் சரியன்று. இதை எனக்கு உணர்த்தியவர்கள் இருவர். ஒருவர் மலையில் வாழ்ந்த மூதாட்டி. மற்றவர் கடலில் உழைத்த முதியவர்.

நான் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன். குருவான புதிதில் என் குருமட நண்பர் ஒருவர் நோயுற்றார். அவருக்கு உதவியாக ஒரு சனவரி மாதம் முழுவதும் நீலகிரியில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த பங்கு ஒன்றில் தங்க நேர்ந்தது. அம்மாதத்தில் அங்கே இரவில் உறைபனி விழும். பகலிலோ வறண்ட காற்றும் சுள்ளென்ற வெயிலும். மூன்றாம் நாளே என் உதடுகள் வெடித்துவிட்டன. ஞாயிறன்று மறையுரை ஆற்ற வாயைத் திறந்தால் இரத்தம் கசிந்தது. எரிச்சல் தாளாமல் வாக்கியத்திற்கு வாக்கியம் நாவால் உதட்டை நனைத்துக்கொண்டேன். நனைத்த கணம் இதமாக இருந்தது. மறுகணம் முன்னிலும் அதிகமாக எரிந்தது.

திருப்பலி முடிந்ததும், பங்கு இல்லத்தில் சமையல் செய்துவந்த மூதாட்டி என்னிடம் வந்தார். இளமை முழுவதும் கொழுந்து பறித்து விரல்கள் காய்த்துப் போனவர். "சாமி, ஒதட்ட நக்காதீங்க. நக்க நக்கத்தான் வெடிக்கும். ராத்திரி நெய் தடவிட்டுப் படுங்க" என்று கூறி, ஒரு சிறு கிண்ணத்தில் நெய்யும் கொடுத்தார். தத்துவமும் இறையியலும் பயின்ற ஆண்டுகளில் யாரும் எனக்குச் சொல்லித்தராத பாடம் அது. அவர் சொன்னபடியே செய்தேன். ஒரு வாரத்தில் உதடுகள் ஆறிவிட்டன.

அவர் அனுபவத்தால் அறிந்திருந்ததற்கு மருத்துவம் காரணம் கூறுகிறது. நம் தோலின் பெரும்பாலான பகுதிகளில் எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. அவை தோலின் ஈரம் வெளியேறாமல் காக்கின்றன. உதட்டின் சிவந்த பகுதியில் அவ்வசதி இல்லை. அங்குள்ள தோலும் மிக மெல்லியது. ஆகவே வறண்ட காற்று அதன் ஈரத்தை விரைவில் கவர்ந்துகொள்கிறது. நாவால் நனைக்கும்போது எச்சில் உலர்ந்து, உதட்டில் எஞ்சியிருந்த ஈரத்தையும் உடன்கொண்டு போகிறது. அன்றியும் எச்சிலில் உணவைச் செரிக்க உதவும் பொருள்கள் உள்ளன; அவை வெடித்த தோலை மேலும் உறுத்துகின்றன. சில சிறுவர்களுக்கு வாயைச் சுற்றி வட்டமாகத் தோல் சிவந்து தடித்திருப்பதைக் காண்கிறோம். அது பெரும்பாலும் நக்கும் பழக்கத்தால் வருவதே. அவர்களை அதட்டுவதைவிட, அடிக்கடி உதட்டில் ஏதேனும் பூசிவிடுவதே பயன் தரும்.

எதைப் பூசுவது? உதட்டிற்கு வேண்டியது ஈரத்தை உள்ளே நிறுத்தும் ஒரு மூடியே. நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு கலந்த களிம்பு ஆகியன அதைச் செய்யும். விலை குறைந்ததும் எங்கும் கிடைப்பதுமான பெட்ரோலியம் ஜெல்லி இன்னும் நன்று. 1872-இல் ராபர்ட் செஸ்பரோ என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்று 'வாசலைன்' என விற்ற பொருள்தான் இது. எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர், எண்ணெய் இறைக்கும் தண்டுகளில் படிந்த மெழுகைத் தம் காயங்களில் பூசிக்கொள்வதைக் கண்டே அவர் அதைத் தூய்மைப்படுத்த முனைந்தார். பகலில் பலமுறையும் உறங்குமுன் ஒருமுறையும் பூசுங்கள். கற்பூரமோ மென்தாலோ கலந்து சில்லென்றிருக்கும் களிம்புகளைத் தவிர்த்துவிடுங்கள்; வெடித்த உதட்டை அவை உறுத்தும். உரியும் தோலைப் பிய்த்தெடுக்காதீர்கள். தண்ணீர் போதிய அளவு அருந்துங்கள். மூக்கடைப்பினால் வாய் வழியே மூச்சுவிடுவோர் முதலில் அதற்கு மருத்துவம் செய்துகொள்ள வேண்டும்.

இவ்வளவும் செய்தும் ஆறவில்லையெனில் காரணத்தைத் தேட வேண்டும். மாங்காயின் பால் பட்டாலும் உதடு புண்ணாகும். பற்பசையிலுள்ள வாசனைப் பொருளோ உதட்டுச் சாயமோ சிலருக்கு ஒவ்வாது. பருக்களுக்காக உட்கொள்ளும் சில மாத்திரைகள் உதட்டை மிகவும் உலர்த்தும். கடைவாயில் மட்டும் வெடிப்பிருந்தால் அது வேறு வகை. இரும்புச் சத்தோ ரைபோஃபிளேவின் என்னும் பி2 உயிர்ச்சத்தோ குறைந்திருக்கலாம், காளான் வகைக் கிருமி தொற்றியிருக்கலாம், முதியோருக்குப் பொய்ப்பற்கள் பொருந்தாமல் எச்சில் தேங்கியிருக்கலாம், நீரிழிவும் காரணமாகலாம். பால், முட்டை, கீரை, பயறு ஆகியவை உணவில் இடம்பெறட்டும். ஆனால் மாதக்கணக்கில் நாமாகவே சத்து மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருப்பது முறையன்று.

இனி, நான் சொல்லத் தயங்கும் செய்திக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கடலோரப் பங்கு ஒன்றில் பணியாற்றினேன். அறுபது வயதைக் கடந்த மீனவர் ஒருவர் நாள்தோறும் காலைத் திருப்பலிக்கு வருவார். வாழ்நாளெல்லாம் வெயிலில் கடல்மேல் இருந்தவர். பீடி பிடிக்கும் பழக்கமும் உண்டு. அவருடைய கீழுதட்டின் ஒரு பக்கத்தில் வெண்மை படர்ந்து ஒரு வெடிப்பு இருந்தது. மலையில் கற்ற பாடம் என் நினைவிற்கு வந்தது. "உதட்டை நக்காதீர்கள்; இரவில் இதைப் பூசிக்கொள்ளுங்கள்" என்று ஒரு வாசலைன் டப்பாவை அவரிடம் கொடுத்து அனுப்பினேன். நல்லது செய்ததாகவே எண்ணினேன்.

மூன்று மாதங்கள் சென்றன. வெடிப்பு அப்படியே இருந்தது. ஓரம் சற்றுத் தடித்தும் இருந்தது. கேட்டபோது, "சாமி சொன்னதத்தான் பூசிக்கிட்டு இருக்கேன்" என்றார். அவ்வாரம் எங்கள் பங்கில் நடந்த பல் மருத்துவ முகாமில் இளம் மருத்துவர் ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்தார். உடனே பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். சிறிது சதை எடுத்துச் சோதித்தபோது அது புற்றுநோயின் தொடக்கம் எனத் தெரிந்தது. அறுவை செய்து அதை அகற்றினார்கள். இன்று அவர் நலமாக இருக்கிறார். கரையில் அமர்ந்து வலை பொத்துகிறார். சிரித்தால் மட்டும் வாய் ஒரு பக்கம் இழுக்கும்.

மருத்துவமனையில் அவரைப் பார்த்தபோது என் தவற்றைச் சொன்னேன். "சாமி மேல என்ன குத்தம்? நானும் வெடிப்புன்னுதான் நெனச்சேன்" என்றார். அவர் மன்னித்துவிட்டார். ஆயினும் அந்த மூன்று மாதங்களை என்னால் மறக்க இயலவில்லை. ஒருவருக்கு ஏற்ற மருந்தை, உற்றுப் பார்க்காமலே மற்றவருக்கும் கொடுத்துவிட்டேன்.

ஆதலின் குடும்பத்தாருக்கு என் வேண்டுகோள் இதுவே. குளிரினால் வரும் வெடிப்பு பொதுவாக உதடு முழுவதும் இருக்கும். தக்கபடி பேணினால் இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஆறிவிடும். ஒரே இடத்தில் நின்று ஆறாமலிருக்கும் புண், தடிப்பு, வெள்ளைத் திட்டு, அடிக்கடி கசியும் இரத்தம் ஆகியவற்றைக் கண்டால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கடலிலும் வயலிலும் உழைப்போர் முகத்திற்கு நிழல் தரும் அகன்ற தொப்பி அணியட்டும். இயன்றவர்கள் வெயிலைத் தடுக்கும் எஸ்.பி.எஃப். 30 கொண்ட உதட்டுக் களிம்பைப் பூசட்டும். பீடியையும் புகையிலையையும் அறவே விட்டுவிடட்டும். உங்கள் வீட்டு முதியவர்களின் முகத்தை இன்று மாலை விளக்கொளியில் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். அவர்களாக வந்து சொல்லமாட்டார்கள்.