ஒலிபெருக்கியின் முனகல்

சென்ற மாதம் என் இல்லத்திற்கு வந்த அன்பர்கள் சிலர், கூடத்து மேசைமேல் வாய் பிளந்து கிடந்த தகரப் பெட்டியையும் அதனைச் சுற்றிச் சிதறிக் கிடந்த கம்பித் துண்டுகளையும் கண்டு, "ஓய்வு பெற்ற பின் புதுத் தொழிலோ?" என்று நகைத்தார்கள். தொழிலன்று, நெடுநாட் கடன் ஒன்று. அதனைத் தீர்த்த வகையைக் கேட்டபின், "எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி முனகிக்கொண்டிருக்கிறது, சங்கப் பத்திரிகையில் எழுதுங்கள்" என்று அவர்களே வற்புறுத்தியதனால் எழுதலானேன்.

என் அன்னையாரின் குரல் பதிந்த ஒலிநாடா ஒன்று என்னிடம் உண்டு. 1984ஆம் ஆண்டுக் கோடையில், கும்பகோணத்தை அடுத்த எங்கள் சிற்றூருக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தபோது பதிவு செய்தது. அம்மா பாட்டுக் கற்றவர் அல்லர். தொட்டிலை ஆட்டும்போது தமக்குத்தாமே பாடிக்கொள்வார். பிறர் கேட்கின்றனர் என்று அறிந்தால் உடனே நிறுத்திவிடுவார். ஆகவே டேப்ரிக்கார்டரைத் தூணுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அதனால் குரல் மிக மெல்லியதாகவே பதிந்தது. மூன்றாண்டுகளில் அம்மா மறைந்தார். இவ்வாண்டு பொங்கலுக்கு என் தமக்கையார் தில்லிக்கு வருவதாகத் தெரிவித்தார். எண்பது வயதானவர், செவியும் சற்று மந்தம். அந்த நாடாவை அவர் ஒருமுறையேனும் கேட்டதில்லை.

நாடாவை ஓட்டும் கருவி நன்றாகவே இருந்தது. அதனுடன் இருந்த ஒலிபெருக்கிதான் உயிர்விட்டுப் பல ஆண்டுகள் ஆயின. "கடையில் கொடுத்துக் கணினிக்கு மாற்றிக்கொள்ளலாமே, அப்பா" என்றான் என் மகன். அன்று தொட்டிலில் கிடந்தவன் அவனே. சொன்னது நியாயந்தான், ஆயினும் உலகில் ஒன்றே ஒன்றாக உள்ள நாடாவை முன்பின் அறியாதவர் கையில் ஒப்படைக்க மனம் துணியவில்லை. எழுநூறு ரூபாய்க்குப் பெயரில்லாத ஒரு சிறு ஒலிபெருக்கியை வாங்கி வந்தேன். இயக்கியதும் "ம்ம்ம்" என்று ஓர் ஓயாத முனகல்! அம்மாவின் குரல் அதற்குள் அமிழ்ந்துவிட்டது. ஒலியைக் கூட்டினால் குரலோடு வேறோர் இரைச்சலும் சேர்ந்து எழுந்தது.

அண்டை வீட்டு நண்பர் ஒருவர் எளிய வழி கூறினார்: "பிளக்கில் உள்ள எர்த் கம்பியைக் கழற்றிவிடுங்கள்; முனகல் நின்றுவிடும்." சில இடங்களில் அவ்வாறு நிற்பதும் உண்டு. திருப்புளியைக் கையில் எடுத்தும்விட்டேன். "பெட்டி தகரமாயிற்றே, குழந்தை தொட்டால் என்ன ஆகும்?" என்று என் மனைவி கேட்டாள். 230 வோல்ட் மின்சாரம் எக்காரணத்தாலோ பெட்டியில் கசிந்தால், அதனை நிலத்திற்குக் கொண்டு போவது அந்தக் கம்பி ஒன்றுதான். முனகலைப் போக்க உயிர்க்காவலைக் கழற்றுவதா? திருப்புளியைக் கீழே வைத்தேன். அன்பர்கள் எவரேனும் இவ்வழியை முன்னரே கையாண்டிருப்பின், இன்றே அக்கம்பியை மீண்டும் பூட்டிவிடுமாறு வேண்டுகிறேன்.

மறுநாள் செங்கோட்டைக்கு எதிரே உள்ள லாஜ்பத்ராய் மார்க்கெட்டிற்குச் சென்றேன். உதிரிப் பொருள் விற்கும் சிறு கடையில் இருந்த இளைஞர், நான் என் அரைகுறை இந்தியில் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு வினா எழுப்பினார்: "அங்கிள்ஜி, வால்யூமை அடியோடு குறைத்தால் சத்தம் நிற்கிறதா, நிற்கவில்லையா?" வைத்தியர் நாடி பிடிப்பது போன்ற கேள்வி அது. வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கும் இரைச்சல் அதற்கு முன்னாலிருந்து, அதாவது ஒலி உள்ளே நுழையும் பக்கத்திலிருந்து வருவது. முற்றும் குறைத்தபின்னும் நிற்பது பின்னாலிருந்து, மின்னூட்டப் பகுதியிலிருந்தோ கிரவுண்ட் இணைப்பிலிருந்தோ வருவது. என் பெட்டியில் இரண்டு நோயும் இருந்தன.

முதலில் நில்லாத முனகலை எடுத்துக்கொண்டேன். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 அலைகளாக வருவது. டயோடுகள் அதனை ஒரே திசையில் திருப்பும்போது வினாடிக்கு 100 மேடுகள் உண்டாகும். மேடுகளுக்கு இடையேயுள்ள பள்ளத்தை நிரப்புவது கண்டென்சரின் வேலை. கமலையில் நீர் சால் சாலாகத்தான் வந்து விழுகிறது. தொட்டி பெரிதானால் வாய்க்காலில் சீராக ஓடும், சிறிதானால் விட்டு விட்டு ஓடும். என் பெட்டியில் இருந்த தொட்டி 1000 மைக்ரோஃபாரட். அதுவும் வெப்பம் தணிக்கும் அலுமினியத் தகட்டை ஒட்டி நிறுத்தப்பட்டு, தலை சற்றே உப்பியிருந்தது. அத்தகைய கண்டென்சரின் உள்ளே உள்ள ஈரம் வெப்பத்தால் உலர உலர அதன் கொள்ளளவு குறையும். 4700 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கண்டென்சர் ஒன்றை வாங்கி, தகட்டிலிருந்து விலக்கிப் பொருத்தினேன். முனகல் பாதியாயிற்று, அதற்குமேல் குறையவில்லை.

நிற்க. பெட்டியைத் திறப்பவர்கள் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. கண்டென்சரில் தேங்கிய மின்னாற்றல் சிறிது நேரம் நிற்கும்; ஒரு ரெசிஸ்டரை அதன் இரு முனைகளிலும் வைத்து வடித்துவிட்டே கைவைக்க வேண்டும். நான் அதை மறந்து, திருப்புளி முனையில் ஒரு பொறி பறந்ததைக் கண்டபின்தான் கற்றுக்கொண்டேன்.

எஞ்சிய பாதி முனகல் இரண்டு இரவுகளை விழுங்கியது. மீண்டும் அந்த இளைஞரிடமே சென்றேன். அவர் ஒரு ரசீதின் பின்புறம் விண்மீன் ஒன்றை வரைந்து, "எல்லாக் கிரவுண்டும் இந்த நடுப்புள்ளிக்கே வர வேண்டும்" என்றார். வீடு திரும்பிப் பார்த்தால், வால்யூம் கண்ட்ரோலின் கிரவுண்ட் கம்பி டிரான்ஸ்ஃபார்மரின் நடுக்கம்பியில் பற்றவைக்கப்பட்டிருந்தது, ஐ.சி.யின் கிரவுண்டோ கண்டென்சரின் நெகட்டிவ் முனையில் இருந்தது. இடைப்பட்ட கம்பி நான்கு அங்குல நீளமே. ஆனால் கண்டென்சரை நிரப்பும் மின்னோட்டம் வினாடிக்கு 100 முறை, குறுகிய பலத்த துடிப்புகளாக அந்தக் கம்பியின் வழியேதான் ஓடுகிறது. கம்பிக்கும் சிறிது தடை உண்டாகையால் அதன் இரு முனைகளுக்கும் இடையே மிக நுண்ணிய வேறுபாடு தோன்றுகிறது. அதையும் இசையென்றே எண்ணிய ஐ.சி., சில நூறு மடங்காகப் பெருக்கி ஒலிக்கிறது! பெரிய கண்டென்சர் போட்டும் தீராததன் காரணம் இதுவே. அக்கம்பியைப் பெயர்த்துக் கண்டென்சரின் நெகட்டிவ் முனையிலேயே பற்றவைத்தேன். வால்யூமைக் குறைத்து ஸ்பீக்கரில் காதை வைத்தேன். ஓசையில்லை. மனைவியை எழுப்பிக் கேட்கச் சொன்னேன். நள்ளிரவில் ஒன்றும் கேட்கவில்லை என்பதைக் கேட்பதற்காகவா எழுப்பினீர்கள் என்று கடிந்துகொண்டாள்.

மற்றோர் இரைச்சல் எளிதில் தீர்ந்தது. ஒலி நுழையும் கம்பி உறையில்லாத வெறுங்கம்பியாய் டிரான்ஸ்ஃபார்மரை உரசிக்கொண்டு சென்றது. அதனை நீக்கி ஷீல்டு வயர் போட்டு எட்டத்தில் கொண்டு சென்றேன். வால்யூம் கண்ட்ரோலின் உலோக உடலைச் சற்றுச் சுரண்டி, அதையும் கிரவுண்டில் சேர்த்தேன். அதற்குமுன் அந்தக் குமிழின் தண்டை விரலால் தொட்டவுடன் இரைச்சல் மாறியதே, உடல் கிரவுண்டில் சேரவில்லை என்பதற்கு அடையாளம். எல்லாவற்றிற்கும் ஆன செலவு நூறு ரூபாயை எட்டவில்லை. நாடாவிற்கே உரிய "ஸ்ஸ்" என்ற சீறல் மட்டும் இன்னும் இருக்கிறது. அது பெட்டியின் குற்றமன்று. காந்தத் துகள்களோடு பிறந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

பொங்கலுக்கு மறுநாள் மாலை அக்காவை ஸ்பீக்கரின் அருகில் அமர்த்தி நாடாவை ஓட்டினேன். அம்மாவின் குரல் தெளிவாக எழுந்தது. அக்கா கண்களை மூடிக்கொண்டார். பாட்டின் நடுவே, இத்தனை ஆண்டுகளில் நான் ஒருமுறையும் கேட்டிராத ஓர் ஒலி தொலைவில் கேட்டது. "கிறீச்... கிறீச்..." என்று விட்டு விட்டு வந்தது. என் வேலையில் இன்னும் ஏதோ குறை என்று எண்ணிப் பெட்டியை அணைக்கக் கையை நீட்டினேன்.

"அணைக்காதேடா" என்றார் அக்கா. "அது கொல்லைக் கிணற்று ராட்டினம். குழந்தைக்குத் துணி அலசத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். அது நான்தாண்டா."