மழைக்கு முன்னாடி கேட்டை ஒரு தடவை கையால தள்ளிப் பாருங்க

விவசாயிக்கு எதுக்குய்யா ஆட்டோமேட்டிக் கேட்டுன்னு கேப்பீங்க. கேட் என்னோடது இல்லை. எங்க வீட்டுக்கு இருக்கிறது மூங்கில் படல். மாடு முட்டினா தானா திறந்துக்கும், அந்த வகையில அதுவும் ஆட்டோமேட்டிக்தான். நான் சொல்ற கேட் முடிச்சூர்ல என் மக வீட்டு வாசல்ல இருக்கு. 12 அடி நீளம், 5 அடி உயரம், முழுக்க இரும்பு. ரிமோட்டை அமுக்கினா பக்கவாட்டுல நகர்ந்து போற ஸ்லைடிங் கேட். அதைக் கவனிச்சுக்கிற வேலை மூணு வருஷமா என் தலையில விழுந்திருக்கு. மாப்பிள்ளைக்கு கம்ப்யூட்டர் வேலை. சம்பந்தி ரயில்வேயில கணக்கு எழுதி ரிடையர் ஆனவர். அந்த வீட்டுல ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.

இப்ப சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர்னு எந்தத் தெருவுக்குள்ள நுழைஞ்சாலும் இந்த கேட்தான். இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேர் வீட்டிலயும் இருக்கும். சொர்ணவாரி அறுப்பு முடிஞ்சு, சம்பாவுக்கு நாத்து விட்டுட்டு, கொஞ்சம் மூச்சு விடற புரட்டாசி மாசம் இது. ஐப்பசி மழை பிடிச்சுக்கிட்டா எனக்கும் நேரம் இருக்காது, உங்களுக்கும் கேட்டுப் பக்கம் போகத் தோணாது. அதனால இப்பவே எழுதிடறேன்.

முதல்ல அந்த கேட் பாதியில நிக்க ஆரம்பிச்சது. கொஞ்ச தூரம் போகும், ஒரு முனகல், நின்னுடும். மாப்பிள்ளை கம்பெனிக்குப் போன் பண்ணி ஒரு பையனை வரவழைச்சார். வந்தவன் மூடியைக் கழட்டிப் பாத்தான், கையை வச்சுப் பாத்தான், "மோட்டார் சூடு ஏறுது சார், போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்"னான். அவன் சொன்ன விலைக்கு எங்க ஊர்ல ஒரு நல்ல கறவை மாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துடலாம்.

நான் அன்னிக்கு கீரையும் கத்திரிக்காயும் குடுக்கப் போயிருந்தேன். "தம்பி, மோட்டாரை விடுவிச்சுட்டு கேட்டைக் கையால தள்ளிப் பாத்தியா?"ன்னு கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான். எங்க அப்பா காலத்துல வண்டி இழுக்க மாடு திணறினா, சாட்டையை எடுக்கிறதுக்கு முன்னாடி இறங்கி அச்சைத்தான் பாப்பாங்க. வண்டி மை வத்திப்போயிருந்தா மாடு என்ன செய்யும்? மோட்டாரும் அந்த மாடு மாதிரிதான்.

இந்த மோட்டார் எல்லாத்துலயும் ஒரு சின்னக் கதவும் அதுக்கு ஒரு சாவியும் உண்டு. சாவியைப் போட்டு லீவரை இழுத்தா உள்ள இருக்கிற பல்சக்கரத்தோட பிடி விட்டுடும். அப்புறம் கேட் வெறும் கேட்தான். ஒழுங்கா இருக்கிற கேட் எவ்வளவு கனமா இருந்தாலும் அப்ப ஒரு கையால தள்ளினாப் போகணும். பத்து வயசுப் பிள்ளை தள்ளினாலும் போகணும். மோட்டார் மேல 600 கிலோன்னு போட்டிருந்தா, அது சுலபமா உருள்ற 600 கிலோ. சேத்துல மாட்டின 600 கிலோ இல்லை.

அன்னிக்கு நானும் மாப்பிள்ளையும் ரெண்டு பேரா தோள் குடுத்துத் தள்ளினோம். சாமி தேர் மாதிரி அசைஞ்சு அசைஞ்சு வந்தது. குனிஞ்சு பாத்தா, எதிர் மனையில வீடு கட்டறதுக்குக் கொட்டின எம்-சாண்ட் அத்தனையும் டிராக்ல. கீழ இருக்கிற ரெண்டு சக்கரத்துல ஒண்ணு சுத்தவே இல்லை, வழுக்கிக்கிட்டுதான் போகுது. பேரிங் துருப்பிடிச்சு இறுகிப்போச்சு. மேற்குத் தாம்பரத்துல ஒரு வெல்டிங் பட்டறைக்காரரைக் கூட்டிட்டு வந்து, ஜாக்கி வச்சுத் தூக்கி ரெண்டு சக்கரத்தையும் மாத்தினோம். சாமான், கூலி எல்லாம் சேத்து மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சது. அந்தப் 'போன' மோட்டார் இன்னிக்கும் ஓடிக்கிட்டு இருக்கு.

சக்கரம் தேயறதுல இன்னொரு விவகாரமும் இருக்கு. கேட்டோட அடியில பல்லு பல்லா ஒரு நீளப் பட்டை ஓடும், அதை ரேக்னு சொல்றாங்க. மோட்டார்ல இருக்கிற பல்சக்கரம் அந்தப் பல்லைப் பிடிச்சுத்தான் கேட்டை நகத்துது. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு, ஒண்ணரை மில்லிமீட்டர் சந்து இருக்கணும். ஒரு ரூபாக் காசோட கனம்னு வச்சுக்குங்க. சக்கரம் தேயத் தேய கேட் இறங்கும், சந்து அடைபடும், கடைசியில கேட்டோட பாரம் மோட்டாரோட தண்டு மேல உக்காந்துடும். தண்டும் கியரும் அப்படித்தான் சாகுது. வருஷத்துக்கு ஒரு தடவை, கேட்டைக் கொஞ்சம் கொஞ்சமா நகத்தி, நாலு இடத்துல காசை நுழைச்சுப் பாத்தாப் போதும்.

கிரீஸ் விஷயம். சம்பந்தி ஒரு நாள் பாசமா டிராக் முழுக்க கிரீஸ் பூசி வச்சிருந்தார். ரெண்டே நாள்ல அது மண்ணும் கிரீஸும் குழைஞ்சு அரைக்கிற விழுது மாதிரி ஆயிடுச்சு. "நல்லதுக்குத்தானே சம்பந்தி போட்டேன்"னார். கிரீஸ் பேரிங்குக்கு மட்டும்தான் வேணும். டிராக்குக்கு வேண்டியது தென்னந் துடைப்பம், தினமும் ஒரு தடவை. ரேக் பல்லுலயும் கிரீஸ் அப்பக் கூடாது, பழைய பல் துலக்கற பிரஷ்ஷால மண்ணைத் தட்டி விட்டாப் போதும்.

மத்த கோளாறெல்லாம் சின்னது, வேகமா சொல்லிடறேன். கேட் திறக்குது, மூட மாட்டேங்குதுன்னா, ரெண்டு பக்கமும் எதிரும் புதிருமா நிக்கிற கண்ணைப் பாருங்க. அதுல சிலந்தி கூடு கட்டியிருக்கும், இல்லைன்னா செம்பருத்திக் கிளை மறைக்கும். ரிமோட் கிட்டப் போனாத்தான் வேலை செய்யுதுன்னா பேட்டரி. மோட்டார் உம்முனு சத்தம் மட்டும் போட்டுக்கிட்டு சுத்தலைன்னா, எங்க கிணத்து மோட்டார் மாதிரியே, பெரும்பாலும் கன்டென்சர். விலை கம்மிதான், ஆனா கரண்டை நிறுத்தின பிறகும் அதுல மின்சாரம் தங்கியிருக்கும், எலக்ட்ரீஷியன் கையில விட்டுடுங்க. போர்டு கருகிப்போச்சுன்னு சொன்னா பல்லியான்னு கேளுங்க. கதகதப்புக்கு உள்ள போய்ப் படுத்து, ரெண்டு முனையைத் தொட்டு, தானும் செத்து போர்டையும் கொன்னுடும். ஒயர் நுழையற ஓட்டையை எம்-சீல் வச்சு அடைச்சுட்டு, உள்ள ரெண்டு பாச்சை உருண்டை போட்டு வைக்கிறேன். எங்க ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் அதே வைத்தியம்தான். வாசல்ல தனித்தனியா ரெண்டு கதவா திறக்கிற ஸ்விங் கேட் வச்சிருக்கவங்களுக்கு டிராக் தொல்லை இல்லை, ஆனா கீல் தொங்கும். அங்கயும் முதல் பரீட்சை அதேதான்: பிடியை விட்டுட்டுக் கையால தள்ளிப் பாக்கிறது.

எர்த் மட்டும் சின்ன விஷயம் இல்லை. முழுக்க இரும்பு, மழையில நனையுது, பக்கத்துல கரண்ட். எர்த் ஒயர் சரியா இருக்கா, கசிவு வந்தா விழற டிரிப் சுவிட்ச் இருக்கான்னு ஆள் வச்சுப் பாத்துடுங்க. வயல்ல மோட்டார் ஷெட்டுல கையை வச்சு விழுந்தவங்களைப் பாத்தவன் நான்.

இன்னொண்ணு, மாப்பிள்ளைக்கும் எனக்கும் கொஞ்சம் மனஸ்தாபமே வந்த விஷயம். பேத்திக்கு ஆறு வயசு. கேட் நகரும்போது கம்பியில காலை வச்சு ஏறி நின்னுக்கிட்டு, அது போற தூரம் வரைக்கும் ரயில் விடுவா. பாக்க அழகாத்தான் இருக்கும். நான் கேட்டோட கடைசியில போய்ப் பாத்தா, டிராக் முடியற இடத்துல ஸ்டாப்பரே இல்லை. "லிமிட் சுவிட்ச் நிறுத்திடும் மாமா"ன்னார் மாப்பிள்ளை. நிறுத்தும். மோட்டார் பிடியில இருக்கிறவரைக்கும் நிறுத்தும். பிடியை விட்டுட்டுக் கையால வேகமா தள்ளினா யார் நிறுத்தறது? மேல பிடிச்சிருக்கிற ரோலரைத் தாண்டிப் போச்சுன்னா கேட் அப்படியே சாயும்.

2025 தொடக்கத்துல நங்கநல்லூர்ல வீட்டு இரும்பு கேட் சரிஞ்சு விழுந்து ஒரு சின்னப் பெண் குழந்தை செத்துப்போச்சு, பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அதுக்கு முந்தின வருஷம் புனே பக்கத்துல பிம்ப்ரி சிஞ்ச்வட்லயும் அப்படியே ஒண்ணு. மோட்டார் இருந்தாலும் இல்லைன்னாலும் கேட்டோட கனம் ஒண்ணுதான். நங்கநல்லூர் செய்தி வந்த அன்னிக்கு மாப்பிள்ளையே போன் பண்ணி, "மாமா, அந்தப் பட்டறைக்காரர் நம்பர் குடுங்க"ன்னார். ரெண்டு முனையிலயும் தடிமனான ஆங்கிள்ல ஸ்டாப்பர் வச்சு, தரைக்குள்ள கான்கிரீட்ல இறக்கியாச்சு. மேல இருந்த கைடு ரோலரும் ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டாச்சு. பேத்திதான் ரயில் நின்னுபோன கோவத்துல ஒரு வாரம் என்கிட்ட பேசலை.

கண்ணு இருக்கே, குழந்தை வந்தா நின்னுடாதான்னு கேக்கலாம். அந்தக் கண்ணு தரையிலேர்ந்து ஒண்ணரை அடி உயரத்துல இருக்கு. தவழற குழந்தையும் நாய்க்குட்டியும் அதுக்குக் கீழயே போயிடும். கேட் மூடும்போது குறுக்க ஒரு பழைய சைக்கிள் டயரைப் பிடிச்சுப் பாக்கிறேன், மாசத்துக்கு ஒரு தடவை. முட்டின உடனே நின்னுடணும், இல்லைன்னா பின்னால போகணும். அமுக்கிக்கிட்டே வந்தா, போர்டுல விசையைக் குறைக்கச் சொல்லி ஆளைக் கூப்பிடணும்.

இனிமே மழை. எங்க மணிமங்கலம் பக்கத்து ஏரியெல்லாம் நிறைஞ்சு கலங்கல் போச்சுன்னா, அந்தத் தண்ணி ஆதனூர், வரதராஜபுரம், முடிச்சூர்னு இறங்கி அடையாறா ஓடும். எங்க ஊருக்கு சந்தோஷம் வர்ற அதே நாள்தான் மக வீட்டுக்கு பயம் வர்ற நாள். 2015 டிசம்பர் 1-ம் தேதி காலையிலேர்ந்து மறுநாள் காலை வரைக்கும் தாம்பரத்துல 49 செ.மீ. மழை. முடிச்சூர் தெருவுல படகு விட்டாங்க. அப்ப இந்த வீட்டுல சாதா கேட்தான், திறந்து போட்டுட்டு மாடியில உக்காந்திருந்தாங்க.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்ப தெருவுல பாதி வீடு ஆட்டோமேட்டிக் ஆயிடுச்சு. புயலுக்குக் கரண்டை நிறுத்திட்டாங்க. நிறுத்தத்தான் வேணும், தப்பு சொல்ல முடியாது. நாலு வீடு தள்ளி ஒரு பெரியவருக்கு ராத்திரி மூச்சுத் திணறல். தெருவுல முழங்கால் தண்ணி. கேட் மூடிக் கிடக்கு. சாவி எங்கேன்னு அந்த வீட்டுல யாருக்கும் தெரியலை. கேட் போட்ட அன்னிக்குக் குடுத்தது, எந்த டிராயர்லயோ. சாவி கிடைச்சப்போ, மோட்டார் இருக்கிற இடமே தண்ணிக்குள்ள. கையை விட்டுத் தடவி சாவியைப் போட்டா லீவர் அசையலை. வாங்கின நாள்லேர்ந்து ஒரு தடவை கூட திருப்பாதது எப்படி அசையும்? பக்கத்துல ஆள் போக தனியா சின்ன கேட்டும் கிடையாது, அழகு கெட்டுடும்னு வைக்கலையாம். மாப்பிள்ளையும் இன்னும் மூணு பேரும் சேந்து, பெரியவரை பிளாஸ்டிக் நாற்காலியோட தூக்கி காம்பவுண்டுச் சுவர் மேல வச்சு, அந்தப் பக்கம் இறக்கினாங்க. நல்லவேளை, மனுஷர் பிழைச்சுக்கிட்டார்.

எங்க ஏரி மதகுல திருகு ஷட்டர் இருக்கு. மழைக்கு முன்னாடி நீர்க்கட்டி அதை முழுசா மேல ஏத்துவார், முழுசா கீழ இறக்குவார், மரைக்கு கிரீஸ் தடவுவார். அப்ப ஏரியில தண்ணியே இருக்காது. சின்ன வயசுல, சும்மா கிடக்கிறதை ஏன் திருகறார்னு நினைச்சிருக்கேன்.

மக வீட்டுல இப்ப நடக்கிறது இதுதான். மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை கேட்டோட கரண்டை நிறுத்திட்டு, வீட்டுல இருக்கிற ஒவ்வொருத்தரும் சாவி போட்டு, லீவர் இழுத்து, கேட்டைத் திறந்து மூடணும். பேட்டரி வச்ச மோட்டார்னா, அது எத்தனை தடவை இழுக்குதுன்னும் அன்னிக்கே பாத்துடலாம். சம்பந்தியம்மா, "இந்த வயசுல எனக்கெதுக்குண்ணா இதெல்லாம்"னுதான் ஆரம்பிச்சாங்க. நாலாவது மாசம் சாவி போடறதுல அவங்கதான் முதல். ஒரு சாவி சாமி ரூம் ஆணியில மஞ்சள் கயித்துல தொங்குது, இன்னொண்ணு எதிர்வீட்டுல. பக்கச் சுவரை இடிச்சு மூணடியில ஒரு சின்ன கேட்டும் வச்சாச்சு, அதுக்கு வெறும் தாழ்ப்பாள்.

பாக்கி இருக்கிறது ஒரே வேலை. மோட்டார் இன்னும் தரையோட தரையாத்தான் உக்காந்திருக்கு. அதைக் கழட்டி, அடியில ஒண்ணரை அடிக்கு கான்கிரீட் மேடை கட்டி, ரேக் பட்டையையும் அதுக்குத் தக்க மேல ஏத்தி வெல்டு வைக்கணும். அதையும் மீறித் தண்ணி ஏறிச்சுன்னா கரண்டைப் போடாம, பிரிச்சுக் காய வச்சு, ஆள் பாத்த பிறகுதான் சுவிட்ச்சுன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லியிருக்கேன். ரெண்டு மூட்டை சிமெண்ட் வாங்கி வச்சாச்சு. பட்டறைக்காரர் வர்ற ஞாயித்துக்கிழமை வரேன்னிருக்கார். நாத்துப் பறிக்கிற ஆளுங்க அதே நாள் வராம இருந்தாங்கன்னா நானும் போயிடுவேன்.