ஸ்பேஸ்பாரும் ‘ச்சே’யும்

திரையில் 1 முதல் 9 வரையான எண்கள் கலந்து கலந்து வரும். ஒவ்வொன்றுக்கும் ஸ்பேஸ்பாரைத் தட்ட வேண்டும்; 3 வந்தால் மட்டும் கை சும்மா இருக்க வேண்டும். மொத்தம் 225 எண்கள், நாலேகால் நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும். இயன் ராபர்ட்சனும் அவருடைய சகாக்களும் 1997-இல் இந்தக் கவனச் சோதனையைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே ‘ஊப்ஸ்!’ என்றுதான் தொடங்கும். தலைக்காயம் பட்டவர்களையும் படாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு அது. 3-க்குத் தட்டிவிட்டதும் வாயில் தானாக வரும் சத்தத்தைத் தலைப்பில் வைத்துவிட்டார்கள். என் அறையில் அது ‘ச்சே’ என்று வரும், சில சமயம் ‘அய்யய்யோ’. எனக்குக் கவலையெல்லாம் தப்பாகத் தட்டிவிட்டு ஒன்றுமே சொல்லாமல் அடுத்த எண்ணுக்குப் போகிறவர்களைப் பற்றித்தான்.

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பைக்கிலிருந்து விழுந்தவர்கள். கொஞ்ச நேரம் நினைவு தப்பியிருக்கும், சி.டி. ஸ்கேன் எடுத்திருப்பார்கள், ‘ஒண்ணும் இல்லை’ என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஸ்கேன் பொய் சொல்லவில்லை. ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் அதில் தெரியும். தலை சுழன்று நின்ற வேகத்தில் இழுபட்ட நரம்பிழைகள் பெரும்பாலும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து மனைவிதான் கூட்டிவருவார். “அடுப்புல பாலை வச்சுட்டு மறந்துடறார் மேடம். கேட்டா நான் வைக்கவே இல்லைங்கறார்.” கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, “அதெல்லாம் நல்லாத்தான் இருக்கேன்” என்பார். இருவருமே நம்பித்தான் சொல்கிறார்கள். ராபர்ட்சன் குழுவின் ஆய்வில், சோதனையில் விழுந்த தவறுகள், அன்றாடக் கவனப்பிசகுகள் பற்றி உடனிருப்பவர்கள் சொன்னதோடு ஒத்துப்போயின. அதனால் மனைவி சொல்வதைச் சோதனைக்கு முன்பே எழுதிக்கொள்கிறேன். மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு கேட்டால் நம் காது தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

கணினியால் எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் மில்லிசெகண்ட். ஸ்டாப்வாட்சை அமுக்கும் கட்டைவிரலுக்கு அந்தத் துல்லியம் கிடையாது. ஆனால் கணினிக்கும் சுணக்கம் உண்டு. சாதாரணத் திரை நொடிக்கு 60 முறைதான் புதுப்பித்துக்கொள்ளும். ஒரு முறைக்கு ஏறக்குறைய 17 மில்லிசெகண்ட். தொடுதிரையும் ப்ளூடூத் கீபோர்டும் தங்கள் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். ஆகவே ஒருவரை மறுபடி சோதிக்கும்போது அதே லேப்டாப், அதே ஒயர் வைத்த கீபோர்டு, முடிந்தால் அதே காலை வேளை. முதல் முறை லேப்டாப்பிலும் அடுத்த முறை டேப்லெட்டிலும் சோதித்துவிட்டு ‘வேகம் குறைந்துவிட்டது’ என்று எழுதியிருக்கும் அறிக்கைகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

மென்பொருள் கடைசியில் ஒரு சராசரியை வண்ணப் பட்டையோடு நீட்டும். அதை நான் முதலில் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தட்டலின் நேரமும் பதிவான கோப்பைத் திறந்து மேலிருந்து கீழே வாசிப்பேன். இரண்டு பேருக்குச் சராசரி 400 மில்லிசெகண்ட் என்றே வரலாம். ஒருவருக்கு 370, 410, 390, 430 என்று போகும். இன்னொருவருக்கு 290, 310, 280, 720 என்று போகும். அறிக்கையில் இருவரும் ஒன்று. வேலை செய்யும் இடத்தில் இல்லை. தலைக்காயம் பட்டால் ஆள் மெதுவாவது மட்டுமல்ல, அவருடைய வேகம் ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்குவதும் உண்டு என்று கனடாவில் டொனால்ட் ஸ்டஸ் குழுவினர் 1989-லேயே எழுதினார்கள். தவறு விழுந்த இடத்துக்கு முந்தைய வரிகளில் நேரம் பல சமயம் குறைந்துகொண்டே வந்திருக்கும். கவனம் எங்கோ போய், விரல் தன் போக்கில் தட்ட ஆரம்பித்துவிட்டது. தவறுக்குப் பிந்தைய வரிகளில், ‘ச்சே’ சொன்னவர் கொஞ்சம் நிதானித்திருப்பார். சொல்லாதவரின் கோப்பில் பெரும்பாலும் அந்த நிதானம் இருக்காது.

அந்த 720-க்குக் காரணம் கோப்பில் இருக்காது. வெளியே ஆம்புலன்ஸ் அலறியிருக்கலாம். திரை வெளிச்சம் கண்ணைக் குத்தியிருக்கலாம். வலிப்பு வராமலிருக்கக் கொடுத்த ஃபெனிடாய்ன் அசத்தியிருக்கலாம். அதனால் முகமும் விரலும் தெரியும்படி பக்கவாட்டில், காகிதமும் பென்சிலுமாக உட்காருகிறேன். ‘சைரன், பாதிக்கு மேல்’, ‘கொட்டாவி’ என்று குறித்துக்கொண்டே போவேன். ஒருமுறை ஒரு லோடுமேன், சோதனை முழுக்க இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே தட்டினார். ஒரே ஒரு தவறுதான். “ஏன் அண்ணே பிடிச்சிருந்தீங்க?” என்று கேட்டேன். “விட்டா அது பாட்டுக்குப் போயிடும்மா” என்றார். தன் குறை என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்திருக்கிறார். பச்சைப் பட்டையில் இது எதுவும் வரவில்லை.

அமெரிக்காவில் 2008-இல் வந்த ஒரு சட்டப்படி, படைவீரர்களைப் போர்முனைக்கு அனுப்பும் முன்பே அவர்களுடைய அறிதிறனைச் சோதித்து வைக்கிறார்கள். கல்லூரி விளையாட்டு வீரர்கள் பலருக்கு ஆட்டப் பருவம் தொடங்கும் முன் ‘இம்பாக்ட்’ போன்ற சோதனைகள் நடக்கின்றன. அடிபட்டால் பழைய எண்ணும் புது எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மூட்டை ஏற்றுகிறவருக்குப் பழைய எண் ஏது? மென்பொருளோடு வரும் ஒப்பீட்டு அட்டவணையிலும் அவரைப் போன்றவர்களைக் காண்பது அரிது. எதுவரை படித்தார், எத்தனை பேரின் கூலிக்கணக்கைத் தலையிலேயே வைத்திருந்தார், சீட்டாட்டத்தில் கெட்டிக்காரரா என்று வீட்டாரைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்த எண்ணை நான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அவருடைய அறிக்கையில் மதிப்பெண்ணுக்குக் கீழே மணிக்கட்டு விஷயத்தையும் எழுதினேன். டாக்டர் சம்மதித்தபடி மூட்டை தூக்கலாம். லாரி பின்னால் வரும்போது சைகை காட்டும் வேலை மட்டும் மூன்று மாதத்துக்கு வேண்டாம், அங்கே கையைப் பிடித்து நிறுத்த நேரம் இருக்காது என்று. மேஸ்திரி ஒப்புக்கொண்டார். கூலியில் ஐம்பது ரூபாய் குறைத்துவிட்டதாக அடுத்த முறை வந்தபோது மனைவி சொன்னார்.